தோட்டாக் கூடும் துப்பாக்கி அறையும்: மறுநிரப்புக் கலையில் ஹெட்ஸ்பேஸ் என்னும் அளவு

ரைஃபிளில் ஒரு தோட்டாவைச் சுட்டு முடித்தபின் அதன் நான்கு உறுப்புகளில் மூன்று தீர்ந்துபோகின்றன. குண்டு இலக்கை நோக்கிச் சென்றுவிடுகிறது, வெடிமருந்து எரிந்து வாயுவாகிவிடுகிறது, அடிப்பாகத்தில் பொதிந்திருந்த பிரைமர் தன் ஒற்றைப் பொறியை உமிழ்ந்துவிட்டு வெறும் கிண்ணமாகிவிடுகிறது. மிஞ்சுவது பித்தளைக் கூடு ஒன்றே. செய்வதற்கு அதிக வேலையும் அதிகச் செலவும் பிடித்த உறுப்பும் அதுவே ஆகையால், அதைப் பொறுக்கியெடுத்துத் துடைத்து, பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் இட்டு மறுபடி உபயோகிக்கலாமே என்னும் எண்ணம், உலோகக் கூடு வழக்கத்துக்கு வந்த காலத்திலேயே மனிதருக்கு உண்டாயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அந்த எண்ணம் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்து, வேட்டைக்காரரும் இலக்குச் சுடுவோரும் தத்தம் வீட்டு மேஜையில் தாமே செய்துகொள்ளும் நித்திய வேலையாகியிருக்கிறது. இந்த விஷயத்தைப் பற்றி எழுந்துள்ள நூல்கள் பெரும்பாலும் மருந்தின் வகைகளையும் குண்டின் வகைகளையும் விஸ்தாரமாக விவரிக்கின்றன. புதிதாக வருகிறவனுடைய கவனமும் அவற்றின் மீதே செல்கிறது. மருந்தின் அளவை அச்சிட்ட புத்தகம் சொல்லிவிடும். அதை மீறாதிருந்தால் போதும். ஆனால் எந்தப் புத்தகமும் சொல்ல முடியாத அளவு ஒன்று உண்டு. அவனுடைய துப்பாக்கியில் தோட்டா தங்கும் அறைக்கும் அவன் கையிலுள்ள கூட்டுக்கும் இடையிலுள்ள பொருத்தமே அது. அந்தப் பொருத்தத்தை அறிந்துகொள்வதே இக்கலையின் முதற் பாடமாக இருக்கவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அதை நிலைநாட்டும் பொருட்டே இந்த விஷயம் முழுவதையும் இங்கே ஆராயப் புகுகிறேன்.

கூட்டை மறுபடி நிரப்ப முடியுமா என்பது அதன் அடியிலுள்ள பிரைமரின் அமைப்பைப் பொறுத்தது. 1866-ஆம் ஆண்டையொட்டி இரண்டு அமைப்புகள் தோன்றின. அமெரிக்கரான ஹைரம் பெர்டன் அமைத்ததில், பிரைமர் மோதி வெடிப்பதற்கான பட்டடை கூட்டின் உடம்பிலேயே செதுக்கப்பட்டிருக்கும். பொறி செல்லும் துளைகள் அதன் பக்கவாட்டில் அமையும். ஆங்கிலேயப் படை அதிகாரியான எட்வர்ட் பாக்ஸர் அமைத்ததில் பட்டடை பிரைமருக்குள்ளேயே அடங்கியிருக்க, கூட்டின் நடுவில் ஒரே துளை இருக்கும். அந்தத் துளையின் வழியே ஒரு மெல்லிய ஊசியைச் செலுத்திப் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம். காலப்போக்கில் அமெரிக்கர் ஆங்கிலேயருடைய அமைப்பையும், ஐரோப்பியர் பலர் அமெரிக்கருடைய அமைப்பையும் கைக்கொண்டனர். அமெரிக்காவில் மறுநிரப்புக் கலை இவ்வளவு தழைத்ததற்கு இந்த நடுத்துளை ஒரு பிரதான காரணம் என்று தயங்காமல் சொல்லலாம்.

கருவிகளின் சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1884-இல் ஜான் பார்லோ ஸ்தாபித்த ஐடியல் கம்பெனி, குறடு போன்ற கைக்கருவிகளைச் செய்து விற்றது. 1925-இல் அது லைமன் கம்பெனியின் வசமாயிற்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய 4895 என்னும் எண்ணுடைய புகையற்ற மருந்தை மொத்தமாக வாங்கி, கான்சாஸ் ராஜ்யத்திலிருந்து புரூஸ் ஹாட்ஜ்டன் மலிவாக விற்கத் தொடங்கினார். கலிபோர்னியாவின் ஒரோவில் நகரில் ஃபிரெட் ஹண்டிங்டன் 1943-இல் தொடங்கிய ஆர்.சி.பி.எஸ். பட்டறை, ஆரம்பத்தில் சுட்டெறிந்த சிறிய .22 கூடுகளைக் குண்டுக்கு மேலுறையாக மாற்றும் அச்சுகளைச் செய்து, பின்னர் மறுநிரப்புக் கருவிகளில் பெயர் பெற்றது. நெப்ராஸ்கா ராஜ்யத்து கிராண்ட் ஐலண்டில் ஜாய்ஸ் ஹார்னடி 1949-இல் குண்டு செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1958-இல் ரிச்சர்ட் லீ கொணர்ந்த சிறு கருவித் தொகுதியோ, கூட்டை அச்சில் அழுத்தும் பிரஸ்கூட இல்லாமல், ஒரு மரச் சுத்தியால் தட்டியே தோட்டாவை நிரப்பிவிட வழி செய்தது. யுத்தத்திலிருந்து திரும்பிய வாலிபர்களும், மலிவான மருந்தும், எளிய கருவிகளும் ஒரே காலத்தில் சேர்ந்ததால், அதுவரை சிலரிடம் மட்டும் இருந்த கைத்தொழில் ஊர்தோறும் பரவிற்று. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தோட்டா செய்வதை உரிமத்துக்கு உட்படுத்தியிருப்பதால், இங்கே அது விரும்பியவர் வீட்டில் செய்யத் தக்க காரியமன்று. ஆகவே இக்கட்டுரையில் வரும் வழக்கங்கள் எல்லாம் அமெரிக்க வழக்கங்களே என்று கொள்ளவேண்டும்.

இனிக் கூட்டின் உலோகத்துக்கு வருவோம். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையே அதற்கு உரியது. இந்தக் கலவை வெடியின் அழுத்தத்தில் விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் நீங்கியதும் சிறிதே சுருங்கி, வெளியே இழுத்தால் வழுவாமல் வந்துவிடும். நீளும் தன்மையும் மீளும் தன்மையும் ஒருங்கே அமைந்த உலோகம் இதைப்போல் மலிவாக வேறில்லை. ஆனால் அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும் என்பதும், இறுகியதைத் தீயில் காட்டி இளக்காவிட்டால் வெடித்துவிடும் என்பதும் குடம் அடிக்கும் நம் கன்னார் எல்லோரும் அறிந்ததே. தோட்டாக் கூட்டுக்கும் அதே விதி. ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது. பழைய அளவுக்குக் கொண்டுவர ஒவ்வொரு முறை அச்சில் அழுத்தும்போதும் சுருங்குகிறது. இப்படிப் பல தடவை ஆனபின் கழுத்தில் நெடுக்கே ஒரு கீறல் விழுந்துவிடும். ராணுவக் கூடுகளைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்கள் கழுத்திலும் தோளிலும் நீலமும் பழுப்பும் கலந்த ஒரு நிறம் படிந்திருப்பதைக் காண்பார்கள். அது அழுக்கன்று, தொழிற்சாலையில் தீக்காட்டி இளக்கியதன் அடையாளம். கடைக்கு வரும் கூடுகளையும் அப்படித்தான் இளக்குகிறார்கள். அழகுக்காக அந்த நிறத்தைத் தேய்த்து அகற்றிவிடுகிறார்கள், அவ்வளவே.

இந்த உண்மையை உலகம் கற்றுக்கொண்ட வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படையில் மழைக்காலத்தில் லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், எவரும் தொடாமலே, பருவம் தவறாமல் கீறல் விட்டுக்கொண்டிருந்தன. பருவத்தோடு வந்த காரணத்தால் அந்த நோய்க்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் வழங்கிற்று. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவி, ஈரக் காற்றோடு சேர்ந்து, அச்சில் இழுத்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கத்தைத் தாக்கிப் பிளக்கிறது என்பதை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் ஆராய்ந்து விளக்கினார்கள். கூட்டைத் தக்க சூட்டில் இளக்கி உள்ளிறுக்கத்தைத் தளர்த்துவதே அதற்குப் பரிகாரம் என்பதும் உறுதிப்பட்டது. அம்மோனியா கலந்த மெருகுத் திரவங்களால் கூட்டைத் துலக்கக்கூடாது என்று இன்றும் மறுநிரப்பு நூல்கள் எச்சரிப்பதற்கு மூலம் இதுதான். லாயத்து மூலையில் கிடந்த தோட்டாப் பெட்டிகள் உலோக சாஸ்திரத்துக்கே ஓர் அத்தியாயத்தைக் கொடுத்தன என்பது எண்ணுந்தோறும் எனக்கு வியப்பளிக்கிறது.

கழுத்துக் கீறல் கண்ணுக்குத் தெரியும். அதனால் விளையும் அபாயமும் சொற்பம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே வளர்வதும், முற்றினால் கூட்டை இரண்டு துண்டாக்கிவிடுவதுமான வேறொரு கேடு உண்டு. அதற்குக் காரணமாக இருப்பதுதான் ஹெட்ஸ்பேஸ். அறையின் பின்வாயை மூடும் போல்ட்டைப் பூட்டிய நிலையில் அதன் முகத்துக்கும், அறைக்குள் தோட்டாவை மேலும் முன்னேற விடாமல் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் இடைப்பட்ட தூரமே அது. அந்தத் தடுக்கும் இடம் எது என்பது தோட்டாவின் ஜாதியைப் பொறுத்தது. நம் நாட்டுப் போலீசார் நெடுங்காலம் தோளில் சுமந்த த்ரீ நாட் த்ரீ, அதாவது .303 பிரிட்டிஷ், அடியில் பிதுங்கிய விளிம்புடையது. அந்த விளிம்பே அறையின் வாயில் சென்று தங்கும். 1906-இல் வந்த .30-06 ஸ்பிரிங்ஃபீல்டுக்கும், 1952-இல் வந்த .308 வின்செஸ்டருக்கும் பிதுங்கிய விளிம்பு கிடையாது. அவை உடம்பும் கழுத்தும் கூடும் சரிவான தோளில் தங்குகின்றன. 1912-இல் வந்த .375 ஹாலந்து மேக்னம் போன்ற பெருவேட்டைத் தோட்டாக்களுக்கு அடியில் ஒரு பட்டை கட்டி, அதில் தங்கும்படி செய்தார்கள். கைத்துப்பாக்கித் தோட்டாவான .45 ஆட்டோவோ தன் வாயின் ஓரத்திலேயே தங்குகிறது.

துப்பாக்கி அறைக்கு ஒரு நீளம், கூட்டுக்கு ஒரு நீளம் என்று இரண்டு அளவுகள் இருக்க, மறுநிரப்புவோர் பேச்சில் இரண்டையும் ஹெட்ஸ்பேஸ் என்றே சொல்லிவிடுகிறார்கள். வழக்கை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் காரியத்தை நடத்துவது இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசமே என்பதை மறக்கக் கூடாது. அறை சரியான அளவில் இருந்தும் கூட்டின் தோளை அச்சில் அதிகமாகப் பின்னுக்குத் தள்ளிவிட்டால், கெட்டுப்போன துப்பாக்கியில் சுட்ட பலனே கிட்டும். துப்பாக்கி செய்பவர் ஒருபோதும் செய்யாத பிழையை, அச்சைக் கொஞ்சம் கூடுதலாகத் திருகுவதன் மூலம் மறுநிரப்புவோர் ஒவ்வொரு நாளும் செய்துகொள்ள முடியும்.

அந்த வித்தியாசத்துக்குள் என்ன நடக்கிறதென்று பார்ப்போம். குதிரையை இழுத்ததும் ஊசி பிரைமரைக் குத்துகிறது. குத்திய வேகத்தில் தோட்டா முழுவதும் முன்னே சென்று தோளில் முட்டி நிற்க, அதன் அடிக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவே அந்த இடைவெளி முழுவதும் பின்புறத்தில் திரண்டுவிடுகிறது. மருந்து பற்றி அழுத்தம் ஏறத் தொடங்கும்போது, கூட்டின் மெல்லிய முன்பகுதி முதலில் விரிந்து சுவரைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறது. அடிப்பகுதியோ தடித்தது, அது விரியாமல், ஏறிக்கொண்டிருக்கும் அழுத்தத்தால் பின்னோக்கித் தள்ளப்பட்டுப் போல்ட்டில் சென்று மோதுகிறது. .308 தோட்டாவுக்கு அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் நிறுவனம் வகுத்த உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அத்தனை பலத்துக்கு முன்னே பித்தளை எம்மாத்திரம்? முன்பாதி அசையாமலும் பின்பாதி பின்வாங்கியும் நிற்க, இரண்டும் சேருமிடத்தில், அடிக்குச் சற்று மேலே, உலோகம் நீண்டு மெலிகிறது. ஒரு முறை நீண்டால் பாதகமில்லை. அதே கூட்டின் தோளை மறுபடி பின்னுக்குத் தள்ளி, மறுபடி சுட்டு, மறுபடி நீளவிட்டால், அந்த இடத்தில் உட்புறமாக ஒரு பள்ளம் வளையமாக விழும். பின்னர் வெளிப்புறத்தில் பளபளப்பான கோடு தோன்றும். கடைசியில் ஒரு நாள் அடிப்பாகம் மட்டும் வெளியே வர, முன்பாகம் அறைக்குள்ளேயே தங்கிவிடும். அந்தக் கணத்தில் வாயு பின்வழியே பீறிட்டால் சுடுபவனுடைய கண்ணுக்கே ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. காகிதம் செருகும் கம்பி ஒன்றை நேராக்கி, நுனியில் ஒரு சிறு வளைவு செய்து, அந்த நுனியை ஊசிபோல் அராவி, கூட்டின் கழுத்து வழியே உள்ளே விட்டு அடியிலிருந்து மேல் நோக்கிச் சுவரை ஒட்டி இழுக்கவேண்டும். நல்ல கூட்டில் நுனி வழுவழுவென்று ஏறிவரும். மெலிந்த கூட்டில், தடித்த அடி முடியுமிடத்துக்குச் சற்று மேலே, நுனி ஒரு பள்ளத்தில் விழுந்து தட்டுவது விரலுக்குத் தெளிவாகத் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் அந்தக் கூட்டை நெடுக்காக அறுத்துப் பார்த்துவிடலாம். ஒரு கூடு அறுபட்டால் அந்தக் குவியல் முழுவதன் ஆயுளும் விளங்கிவிடும்.

.303 ரைஃபிள்களின் கதை இந்த இடத்தில் கவனிக்கத் தக்கது. .303 தோட்டாவின் விளிம்பின் கனம் 0.064 அங்குலத்துக்கு மேற்படாது. அதைச் சுடும் லீ-என்ஃபீல்டு ரைஃபிளில் விளிம்பு தங்கும் இடம் 0.074 அங்குலம் வரை இருக்கலாம் என்று படையினர் விட்டுக்கொடுத்தார்கள். மேலும், போர்க்களத்துச் சேறும் மணலும் படிந்த தோட்டாவும் தடையின்றி நுழையவேண்டும் என்ற உத்தேசத்தோடு அறையின் உடம்பையும் தோளையும் தாராளமாகவே வெட்டினார்கள். அந்த ரைஃபிளின் நான்காம் மாதிரியில் போல்ட்டின் தலைகள் 0, 1, 2, 3 என்று எண்ணிட்டுக் கிடைத்தன. தேய்ந்த ரைஃபிளுக்குப் பெரிய எண்ணுடைய தலையைப் பொருத்தி ஹெட்ஸ்பேஸைக் குறைத்துவிடுவார்கள். ஒரு முறை சுட்டு எறியும் படைவீரனுக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் உகந்தது. அதே கூட்டைப் பத்து முறை உபயோகிக்க விரும்புகிறவனுக்கோ உகந்ததன்று. ஆகவே .303 கூட்டை நிரப்புவோரில் விவேகிகள், விளிம்பை மறந்துவிட்டு, முதல் முறை சுட்டபின் அந்தக் கூடு தன் ரைஃபிளின் தோளில் வந்து தங்குமாறு விரிந்திருப்பதைப் பயன்படுத்தி, கழுத்தை மட்டும் அச்சில் சுருக்கிக்கொள்கிறார்கள். எழுதப்பட்ட அளவு விளிம்பைச் சொல்லுகிறது. அனுபவம் தோளைச் சொல்லுகிறது. இந்த இடத்தில் நான் அனுபவத்தின் பக்கமே.

விளிம்பின் கனத்தை எளிதில் அளந்துவிடலாம்; சரிவான தோளில் எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது? சரிவின் மேல் ஒரு குறிப்பிட்ட விட்டத்தில் ஒரு வட்டக் கோட்டைப் பிரமாணமாகக் கற்பித்துக்கொண்டார்கள். .30-06-இல் அந்த விட்டம் 0.375 அங்குலம்; .308-இல் 0.400 அங்குலம். .308 அறையில் போல்ட் முகத்திலிருந்து இந்தக் கோடு வரை 1.630 முதல் 1.640 அங்குலம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்க உற்பத்தியாளர் நிறுவனத்தின் விதி. 1926-இல் ஏற்பட்ட இந்த நிறுவனமும், ஐரோப்பாவில் 1914-இல் ஏற்பட்ட பன்னாட்டு நிரந்தரக் குழுவும் இத்தகைய அளவுகளை வகுத்து வைத்திருப்பதால்தான் ஒரு தேசத்துத் தோட்டா மற்றொரு தேசத்துத் துப்பாக்கியில் நுழைகிறது. துப்பாக்கிப் பட்டறையில் இதைச் சோதிக்க எஃகினால் செய்த அளவுக் கட்டைகள் உண்டு. சிறிய கட்டையின் மீது போல்ட் பூட்டவேண்டும். அதைவிடச் சற்று நீண்ட கட்டையின் மீது பூட்டக்கூடாது. அந்தக் கட்டைகள் துப்பாக்கி பத்திரமானதா என்பதை மட்டும் சொல்லும், அறை 1.631 ஆ, 1.633 ஆ என்று சொல்லமாட்டா. மறுநிரப்புவோனுக்கு வேண்டியது அந்த இரண்டாவது விடைதான்.

அளவு பார்க்கும் வேலையைக் கண்ணுக்கும் கைப்பழக்கத்துக்கும் விட்டுவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையின் வரலாறே சாட்சி. 1903-ஆம் ஆண்டு மாதிரி ரைஃபிள்களின் உடற்கூடுகள் சில சுடும்போது நொறுங்கியதால் 1917-இல் விசாரணை நடந்தது. கொல்லுலையில் எஃகு பழுத்த நிறத்தைக் கண்ணால் பார்த்தே தேர்ந்த தொழிலாளர்கள் சூட்டை மதிப்பிட்டு வந்தார்கள். மந்தாரமான நாளில் சரியாகத் தோன்றிய நிறம், வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் ஏறக்குறைய 300 பாரன்ஹீட் டிகிரி மிகைச் சூட்டில்தான் தோன்றிற்று என்பது அப்போது வெளியாயிற்று. சூடு மிஞ்சிய எஃகு நொய்ந்துபோயிருந்தது. தோட்டாக் கூடு பிளந்து வாயு பின்னே பாய்ந்தபோது அதைத் தாங்கும் சக்தி அதற்கில்லை. பின்னர் சூட்டை அளக்கும் கருவிகள் வந்தன. அமெரிக்கப் படையின் ஆயுதத் துறையைச் சேர்ந்த ஜூலியன் ஹாட்சர் 1947-இல் வெளியிட்ட தம் குறிப்பேட்டில் இவற்றை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஹெட்ஸ்பேஸைப் பற்றியும் அந்நூலில் தனியே ஆராய்ந்திருக்கிறார். இக்கலையில் இறங்குகிறவர் மருந்து அட்டவணைக்கு முன்னரே படிக்கவேண்டிய நூல் அது.

ஆகவே அளவு பார்க்கும் முறைக்கு வருகிறேன். வெர்னியர் அல்லது டயல் காலிப்பரின் ஒரு தாடையில், நடுவில் துளையுள்ள ஒரு சிறு உலோக வளையத்தைப் பொருத்துகிறார்கள். துளையின் விட்டம் பிரமாணக் கோட்டின் விட்டமாகவோ அதற்கு நெருங்கியதாகவோ இருக்கும். கூட்டின் கழுத்து அந்தத் துளைக்குள் நுழைந்து, தோள் அதன் ஓரத்தில் தங்க, அடிப்பாகம் மற்றத் தாடையில் படியும். அப்போது டயல் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுலபமான காரியந்தான், ஆயினும் அதைக் கெடுக்கும் சிறு விஷயங்கள் சில இருக்கின்றன. சுட்ட பிரைமர் பெரும்பாலும் அடியை விட்டு ஒரு மயிரிழை வெளியே துருத்தி நிற்கும். அதைத் தள்ளி நீக்காமல் அளந்தால் கூட்டை அளந்ததாகாது, பிரைமரையே அளந்ததாகும். கழுத்தின் ஓரத்தில் ஒரு நெளிவு இருந்தாலும், அடியில் வெளியிழுப்பானின் கொக்கி கிளப்பிய பிசிறு இருந்தாலும் எண் மாறிவிடும். கூட்டைத் தாடைகளுக்கிடையில் ஒரு சுற்றுச் சுழற்றி, எண் நிலைத்து நிற்பதைக் கண்டபின்னரே எழுதவேண்டும்.

இப்படிக் கிடைக்கும் எண் 1.630 என்று புத்தகத்திலுள்ள எண்ணோடு ஒத்திருக்காவிட்டால் புதியவர்கள் கலவரப்படுகிறார்கள். வளையத்தின் ஓரம் சிறிது மழுங்கியிருந்தாலும், துளை சிறிது பெரிதாயிருந்தாலும் அந்த எண் மாறும். ஆனால் அதே வளையத்தில் அளந்த இரண்டு கூடுகளின் வித்தியாசம் மாறாது. நமக்கு வேண்டியது அந்த வித்தியாசமே. தன் ரைஃபிளில் சுட்ட ஐந்தாறு கூடுகளை அளந்து, அவற்றில் மிக நீண்டதன் எண்ணைத் தன் அறையின் அடையாளமாக வைத்துக்கொண்டால், அதற்குமேல் எந்தப் பிரமாணமும் அவசியமில்லை. சுட்ட கூடு அறையின் முழு நீளத்தையும் காட்டாது, சிறிது மீண்டு சுருங்கியிருக்கும். புதுக்கூடு முதல் முறை சுட்டதும் முழுவதும் நீளாமலும் இருக்கலாம். ஆதலால் இரண்டு மூன்று முறை சுட்ட கூட்டின் எண்ணே நம்பத் தக்கது. மிகக் குறைந்த மருந்திட்டுச் சுட்ட கூட்டை நம்பக்கூடாது. அழுத்தம் போதாமல் அடி பின்வாங்காதபோது பிரைமர் மட்டும் துருத்திக்கொள்ள, கூடு நீள்வதற்குப் பதிலாகக் குறுகிப்போவதும் உண்டு.

வாஷிங்டன் ராஜ்யத்து எல்.இ. வில்சன் கம்பெனியார் செய்யும் உருளை அளவி மற்றொரு வழி. கூட்டை அதற்குள் போட்டால், அடி வந்து நிற்கும் இடம் மேலே வெட்டிய இரண்டு படிகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பெருவிரல் நகத்தால் தடவியே கண்டுகொள்ளலாம். ஆர்.சி.பி.எஸ். செய்யும் மைக்ரோமீட்டர் ஒன்று குறைந்தபட்ச அளவிலிருந்து எத்தனை கூடுதல், எத்தனை குறைவு என்பதை நேராகவே காட்டிவிடும். பல துப்பாக்கிகளுக்கு நிரப்புகிறவர்களுக்கு உருளை போதும். ஒரே துப்பாக்கிக்கு நுட்பமாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு வளையமே மேல் என்பது என் முடிவு.

அளந்து என்ன செய்வது? மறுநிரப்புக் கருவிகளோடு வரும் பழைய துண்டுப் பிரசுரங்கள், அச்சு கூடு-பிடிப்பானைத் தொடும் வரை திருகி, அதற்கு மேலும் கால் சுற்றுத் திருகச் சொல்கின்றன. எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா நுழைந்துவிடும் என்பதற்கு அது உத்தரவாதம். கூடு நெடுநாள் உழைக்கும் என்பதற்கு அன்று. தோளை 0.001 அல்லது 0.002 அங்குலம் பின்னுக்குத் தள்ளினால் போல்ட் ரைஃபிளுக்குப் போதும். பிரஸ்ஸில் அச்சைத் திருகும் மரை ஓர் அங்குலத்துக்குப் பதினான்கு ஆகையால், ஒரு முழுச் சுற்றுக்கு அச்சு 0.071 அங்குலம் இறங்குகிறது. இந்தக் கணக்குப்படி 0.002 அங்குலம் என்பது பத்து டிகிரித் திருப்பம். கால் சுற்று என்பதோ 0.018 அங்குலம். இந்த ஒரு கணக்கைப் பார்த்தவர் பிறகு ஒருநாளும் அச்சைக் கண்மூடித் திருகமாட்டார்.

இன்னொரு சூட்சுமமும் இதில் அடங்கியிருக்கிறது. அச்சைச் சிறிது சிறிதாக இறக்கிக் கூட்டை அழுத்திக்கொண்டு வரும்போது, முதலில் உடம்பு பக்கவாட்டில் நசுங்குகிறது. நசுங்கிய பித்தளைக்குப் போக்கிடம் இல்லாததால் தோள் முன்னே நகர்கிறது. பின்னுக்குத் தள்ளத் தொடங்கிய வேலையில் கூடு நீண்டுவிட்டதைக் கண்டு, தம் காலிப்பர் பழுதாகிவிட்டதோ என்று புதியவர்கள் மயங்குவது இந்தக் கட்டத்தில்தான். மேலும் சிறிது இறக்கினால் தோள் அச்சின் சரிவைத் தொட்டு, எண் குறையத் தொடங்கும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கூட்டை மசகிட்டு அழுத்தி, மசகைத் துடைத்து, அளந்து எழுதிக்கொண்டு வந்தால், எண் ஏறுவதும் திரும்புவதும் காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

கழுத்தை மட்டும் சுருக்குவதா, உடம்பு முழுவதையும் சுருக்குவதா என்பது இக்கலையில் நெடுநாளாக நடக்கும் வாதம். கழுத்து மட்டும் போதும் என்பவர்கள், கூடு அறையின் வடிவத்தையே கொண்டு நிற்பதால் நீட்டம் குறையும் என்கிறார்கள், அது மெய்யே. ஆனால் சில முறை சுட்டபின் கூடு தடித்துப் போல்ட் பூட்டுவதே கடினமாகிவிடுவதால், எப்படியும் ஒருநாள் முழு அச்சுக்குத் திரும்பத்தான் வேண்டும். முழு அச்சையே அளந்து வைத்து, தோளை மயிரிழையளவு மட்டும் தள்ளினால் இரண்டு பக்கத்து நன்மையும் கிடைத்துவிடுகிறது. அளக்கும் வளையம் மலிவாகக் கிடைக்காத காலத்தில் முதல் கட்சி வலுவாயிருந்தது. இப்போது அந்த வாதத்துக்கு வேகம் குறைந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. .303 போன்ற தாராள அறைகள் மட்டும் இதற்கு விலக்கு.

தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில் இந்தச் சிக்கனம் கூடாது. 1936-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட எம் 1 கரண்ட் ரைஃபிளில் ஊசி விடுதலையாக நிற்பதால், போல்ட் பாய்ந்து மூடும்போது அது பிரைமரை இலேசாகத் தொட்டுவிடும். கூடு நீண்டு போல்ட் முழுவதும் பூட்டாமலோ, பிரைமர் அடிமட்டத்துக்கு மேல் துருத்தியோ இருந்தால், விரல் குதிரையைத் தொடாமலே தோட்டா வெடிக்கக்கூடும். ஆகவே அவற்றுக்குத் தோளை 0.003 முதல் 0.005 அங்குலம் வரை தள்ளிவிட்டு, கூடு சீக்கிரம் மெலிவதை ஒப்புக்கொள்வதே முறை. பிரைமரை அமர்த்தியபின் ஒவ்வோர் அடியின் மேலும் விரலை ஓட்டிப் பார்ப்பது நெடுநாள் செய்தவர்களுக்கும் விலக்கன்று.

மற்றச் சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உறுதியான ஒரு பிரஸ், தன் தோட்டாவுக்குரிய அச்சுகள், ஒரு நல்ல தராசு, ஒரு காலிப்பர், புதிய பதிப்பான ஒரு நிரப்புக் கையேடு ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். மருந்தை நிறுக்கும் கிரெயின் என்பது ஒரு பவுண்டில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு, சுமார் 65 மில்லிகிராம். ஆதலால் தராசின் நேர்மையே உயிருக்குக் காவல். மேஜைமீது ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கவேண்டும்; நிறத்திலும் உருவத்திலும் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு மருந்துகள் வேகத்தில் நேர்மாறாக இருக்கக்கூடும். கையேடு சொல்லும் ஆரம்ப அளவிலிருந்தே தொடங்கவேண்டும். அச்சில் அழுத்தும்தோறும் கழுத்து மேல்நோக்கி வளர்வதால், .308 கூடு 2.015 அங்குலத்தையும் .30-06 கூடு 2.494 அங்குலத்தையும் தாண்டுகிறதா என்று பார்த்து வெட்டிவிடவும் வேண்டும். மிஞ்சிய கழுத்து அறையின் முனையில் சிக்கிக் குண்டை நெருக்கினால் அழுத்தம் அபாயகரமாக ஏறிவிடும்.

ஐம்பது வருஷமாக ஒரு வளையமும் இல்லாமல் நிரப்பி வருகிறோம், ஒரு கூடும் பிளந்ததில்லை என்று சொல்லும் முதியவர்கள் அமெரிக்க வேட்டைச் சங்கங்களில் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யன்று. கூட்டை நாலைந்து முறை சுட்டபின் எறிந்துவிடுகிறவருக்கும், மிதமான மருந்திடுகிறவருக்கும், அச்சை மெல்ல மெல்ல இறக்கிப் போல்ட் மூடும் கனத்தைக் கைவிரலாலேயே உணர்ந்து நிறுத்துகிறவருக்கும் எண் தேவைப்படுவதில்லை. கடைசியாகச் சொன்னவர் எண்ணில்லாமல் அளக்கிறார் என்பதே உண்மை. ஆனால் அந்தக் கைப்பழக்கம் வருவதற்குள் எத்தனை கூடுகள் பாழாகும் என்பதையும், பிறருக்குச் சொல்லிக்கொடுக்க அது எழுத்தில் அடங்காது என்பதையும் பார்த்தால், புதியவனுக்கு எண்ணே நல்ல ஆசிரியன். இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன். ஏனெனில் இந்த மேஜையில் செய்த பிழையின் பலன், கன்னத்தைத் துப்பாக்கியோடு சேர்த்துவைத்துக் குறிபார்க்கும் வேளையில்தான் வெளிப்படுகிறது.

ஆகவே பிரஸ் வாங்கப் பணம் சேர்ப்பதற்கு முன்பே, புதியவன் தன் ரைஃபிளில் தானே சுட்ட தொழிற்சாலைத் தோட்டாக்களின் கூடுகளைத் தனிப் பெட்டியில் சேர்த்துவைக்கட்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சீட்டு. அதில் எந்தத் துப்பாக்கி, எத்தனையாவது சூடு, சுட்டபின் இருந்த நீளம், அச்சில் அழுத்தியபின் இருந்த நீளம் என்று நான்கு விவரங்கள். வேறொருவர் சுட்ட கூடுகளோ, சுடுமைதானத்தில் பொறுக்கியவையோ அந்தப் பெட்டியில் கலக்கக்கூடாது. அவை வேறோர் அறையின் உருவத்தைக் கொண்டவை. கம்பி நுனி பள்ளத்தில் தட்டிய கூட்டை நல்லவற்றிலிருந்து விலக்கி, அதன் வாயைக் குறட்டால் நசுக்கிவிட்டுப் பழைய பித்தளைக் கூடையில் போடவேண்டும். நசுக்காமல் போட்ட கூடு எப்படியோ மேஜைக்குத் திரும்பி வந்துவிடுகிறது.